வேலை இருக்கும் வரைதான் வீடு

கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறித் தெற்கே போனால், காஜாங், பாங்கி தாண்டியதும் நிலையங்களின் பெயர்கள் மாறத் தொடங்கும். பாத்தாங் பெனார், நீலாய், லாபு, தீரோய், அப்புறம் சிரம்பான். சிரம்பான்தான் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகர். பெயருக்கு 'ஒன்பது நாடுகள்' என்று பொருள். ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இவை வெறும் நிறுத்தங்கள். வயதான மலேசியத் தமிழர்களிடம் கேட்டுப் பாருங்கள், 'அதெல்லாம் தோட்டங்க' என்பார்கள். பாத்தாங் பெனார் தோட்டம், லாபு தோட்டம் என்று ரப்பர் காடுகளின் பெயர்களாகத்தான் அவர்களுக்கு இவை பழக்கம். அந்தப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பலகைகளிலும் இருக்கின்றன. முன்னால் 'லாடாங்' என்று ஒரு சொல் இருக்கும். மலாயில் தோட்டம் என்று அர்த்தம்.

மலேசியாவில் இந்திய வம்சாவளியினரின் விகிதம் அதிகமாக உள்ள மாநிலங்களில் இதுவும் ஒன்று. நீலாயில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்க வரும் மாணவர்கள், கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு வாடகை குறைவாக இருக்கிறதே என்று இங்கே தங்குபவர்கள் என்று இந்தியாவிலிருந்து இன்றும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இவர்கள் முதலில் தேடுவது வாடகைக்கு ஒரு வீடு. நூறு வருடங்களுக்கு முன்பு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள் வீடு தேடவில்லை. வீடு அவர்களுக்காகக் காத்திருந்தது. அந்த வீட்டின் கதையைத் தெரிந்துகொண்டு போனால், இன்று வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பது தானாகவே புரியும்.

99 தூண் அரண்மனையும் லயமும்

நெகிரி செம்பிலானில் வீட்டுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. சுமத்ரா தீவின் மினாங்கபாவ் பகுதியிலிருந்து வந்து குடியேறிய மக்களின் 'அடாட் பெர்பாத்தே' என்ற தாய்வழி மரபு இங்கே இன்றும் பின்பற்றப்படுகிறது. குலத்துக்குச் சொந்தமான பரம்பரை நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். இந்த மரபு நிலங்களைக் காக்க பிரிட்டிஷ் ஆட்சியிலேயே 1909-இல் தனிச் சட்டம் வந்தது.

கோலாப்பிலா பக்கம் சிறி மெனாந்தி என்ற ஊரில் பழைய அரண்மனை ஒன்று இருக்கிறது. 1908-இல் கட்டி முடிக்கப்பட்ட மரக்கட்டடம். ஆணி அடிக்காமல், மரத்தோடு மரத்தைப் பொருத்தி எழுப்பியிருக்கிறார்கள். மொத்தம் 99 தூண்கள். இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு போல மேல்நோக்கி வளைந்த கூரையை இந்த மாநிலத்தில் அரசு அலுவலகங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும்கூடப் பார்க்கலாம். வீடுதான் அடையாளம் என்று சொல்லும் கூரை அது.

அதே காலத்தில், அதே மாநிலத்தில், சில மைல் தள்ளி ரப்பர் கன்றுகளுக்கு நடுவே இன்னொரு வகை வீடு எழுந்துகொண்டிருந்தது. நீளமான ஒரே கொட்டகை. குறுக்கே தடுப்புகள் போட்டு, ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குடும்பம். ஒரு வீட்டில் சண்டை என்றால் ஐந்தாவது வீட்டுக்குக் கேட்கும். இதற்குப் பெயர் லயம். தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொது. பிற்காலத்தில் கால்கள் மேல் நிற்கும் பலகை வீடுகளும், இரண்டு இரண்டாக ஒட்டிய வீடுகளும் வந்தன. பெயர் மட்டும் லயமாகவே தங்கிவிட்டது.

அரண்மனையைப் பார்க்க வழிகாட்டிப் பலகைகள் உண்டு. லயத்தைப் பார்க்க வேண்டுமானால் போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையிலோ, ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கமோ, பகாவ் வட்டாரத்திலோ தார்ச்சாலையை விட்டு இறங்கி செம்பனைக்குள் செல்லும் மண் பாதையில் போக வேண்டும். முதலில் ஒரு மாரியம்மன் கோயிலோ, மரத்தடியில் முனீஸ்வரனோ தெரியும். அதற்குப் பக்கத்தில்தான் எங்கோ லயம் இருக்கும், அல்லது இருந்திருக்கும்.

வாடகை இல்லாத வீட்டின் விலை

ரப்பருக்கு உலகச் சந்தையில் விலை ஏறிய 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களுக்கு ஆட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பிறகு, கங்காணி முறையே பிரதான வழியானது. தோட்டத்தில் வேலை பார்க்கும் கங்காணி தன் சொந்த ஊருக்கு வந்து, உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போவார். கப்பல் செலவு, சாப்பாடு, போய் இறங்கியதும் தங்க இடம் எல்லாம் ஏற்பாடாகிவிடும். 1938-இல் இந்திய அரசு இந்த உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இது நடந்தது.

போய் இறங்கியவருக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது. வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு அவரவர் நிரைக்குப் போய் மரம் சீவ வேண்டும். மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா மரத்தில் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வர வேண்டும். பெண்களும் சரிசமமாக மரம் வெட்டினார்கள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் இருந்தன. 1923-இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆக, வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் கள்ளுக்கடையும் ஒரே வேலிக்குள் அமைந்தன.

வசதியான ஏற்பாடு போலத்தான் தோன்றும். இதன் விலை என்ன என்பது இரண்டு நாட்களில் மட்டும் தெரியும். ஒன்று, வேலை போகும் நாள். மற்றொன்று, வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள். செக்ரோலில் பெயர் இருக்கும் வரைதான் லயத்தில் இடம். பெயரை அடித்தால் சட்டி பானையைக் கட்ட வேண்டியதுதான். துரையிடம் குரலை உயர்த்திப் பேசுவதற்கு முன்னால் ஒருவர் தன் பெண்டாட்டி பிள்ளைகள் இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. கூலி குறைவு என்று கேட்பதும் வீட்டைப் பணயம் வைப்பதும் ஒன்றாகிப் போனது.

ஓய்வு இன்னும் கொடுமை. 55 வயதில் வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வெளியே நிலமோ வீடோ கிடையாது. அதனால் பல குடும்பங்கள் கண்டுபிடித்த ஒரே வழி, பிள்ளைகளில் ஒருவரைத் தோட்ட வேலையில் சேர்த்துவிடுவது. மகனோ மகளோ மருமகளோ செக்ரோலில் இருந்தால் வீடு தப்பிக்கும். படித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பாதியில் நிறுத்தி உளியைக் கையில் கொடுத்ததற்குப் பின்னால் வறுமை மட்டும் இருக்கவில்லை. அப்பா அம்மாவின் தலைக்கு மேலிருக்கும் கூரையைக் காப்பாற்றும் கணக்கும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே தோட்டத்தில் ஒரு குடும்பம் இருந்ததற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. அந்த விசுவாசத்தில் பாதி வீட்டுக்கானது.

துண்டாடலும் சிவப்பு அட்டையும்

1950-களில் நாடு சுதந்திரத்தை நோக்கிப் போகும்போது ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சிறு உரிமையாளர்களுக்கு விற்றார்கள். மலேசியத் தமிழில் இதற்குப் பெயர் 'தோட்டத் துண்டாடல்'. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். பத்து ஏக்கர் வாங்கிய சிறு உரிமையாளருக்கு லயம் எதற்கு? பள்ளி எதற்கு? வேலையோடு வீடும் போனது.

அப்போது ம.இ.கா. தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் எடுத்த முயற்சி இன்றும் மரியாதையோடு நினைக்கப்படுகிறது. தோட்டம் தோட்டமாகப் போய், 'உங்க தோட்டத்தை நீங்களே வாங்குங்க' என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திப் பங்கு வாங்கலாம். இங்குள்ள தமிழர் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சிறு பணத்தில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கியது. லயத்தில் குடியிருந்தவரே தோட்டத்தின் பங்குதாரர் ஆவது அதுவரை கேள்விப்படாத விஷயம். ஆனாலும் விற்கப்பட்ட எல்லாத் தோட்டங்களையும் ஒரு சங்கத்தால் வாங்கிவிட முடியாதே.

அடுத்த இடி 1969-இல் விழுந்தது. நாட்டில் குடியுரிமை பெறாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, மற்றவர்களுக்குச் சிவப்பு. சுதந்திரத்துக்குப் பின் விண்ணப்பிக்கத் தெரியாமலோ, பிறப்புச் சான்று இல்லாமலோ, 'இங்கதானே இருக்கோம், என்ன ஆகிடப்போகுது' என்று விட்டுவிட்டதாலோ, சிவப்பு அட்டையோடு இருந்த தோட்டத் தமிழர்கள் ஏராளம். முப்பது நாற்பது வருடம் அதே மண்ணில் மரம் வெட்டியவர்கள் ஒரே நாளில் வெளிநாட்டவர் ஆனார்கள். அனுமதிச் சீட்டு கிடைக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லயம் இல்லை. லயம் இல்லாவிட்டால் அந்த நாட்டில் நிற்க ஓர் அடி இடம் இல்லை. அந்தச் சில ஆண்டுகளில் 60,000 பேர் வரை இந்தியா திரும்பினார்கள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகக் குறிப்பிடும் கணக்கு. ரஜூலா கப்பலில் வந்தவர்கள் அதே கப்பலில் திரும்பினார்கள். நம் ஊர்களில் 'மலேயாக்காரர் வீடு' என்று அழைக்கப்படும் சில வீடுகளின் பின்னணியில் இந்தக் கதை இருக்கலாம்.

வேலை, குடியிருக்கும் உரிமை, நாட்டில் தங்கும் உரிமை ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

தோட்டம் தாமான் ஆனது

ரப்பர் விலை சரிந்ததும் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. ஒரே அளவு நிலத்துக்கு ரப்பரைவிடச் செம்பனைக்கு ஆட்கள் குறைவாகப் போதும். மரம் வெட்டிக்கொண்டிருந்த பெண்களின் வேலையே முதலில் சுருங்கியது. முதலாளிகளும் மாறினார்கள். 1981-இல் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை லண்டன் சந்தையில் ஒரே காலையில் மலேசிய அரசு சார்ந்த நிறுவனம் வாங்கிக் கைப்பற்றியது பெரிய செய்தி. 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. அலுவலகப் பலகையில் பெயர் மாறினாலும், செக்ரோலில் பெயர் இருந்தால்தான் வீடு என்ற விதி மாறவில்லை.

1998 ஜூனில் சிப்பாங்கில் புதிய சர்வதேச விமான நிலையம் திறந்தபோது, பக்கத்தில் இருக்கும் நீலாய், லாபு பகுதி நிலங்களுக்கு மவுசு கூடியது. மரத்தைவிட மனைக்கு விலை அதிகம். தோட்டங்கள் 'தாமான்' ஆயின. தாமான் என்றால் மலாயில் பூங்கா. மலேசியாவில் குடியிருப்புப் பகுதிகளுக்கு அதுதான் பெயர். வரிசை வீடுகள், கடைவீடுகள், அடுக்குமாடிகள் எழுந்தன. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களில் சிலருக்கு மாற்று வீடு கிடைத்தது. சிலருக்கு இழப்பீடு மட்டும். சிலர் பட்டணத்து ஓரத்தில் புறம்போக்கில் பலகையும் தகரமும் வைத்துக் குடிசை போட்டார்கள். அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்குப் போவது அடுத்த படி.

மலிவு வீட்டின் விலை 1982 முதல் 25,000 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 1998-இல் இடத்தைப் பொறுத்து 42,000 வரை உயர்ந்தது. கேட்க மலிவுதான். ஆனால் வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. மாதத்துக்கு மாதம் மாறும் அந்தச் சீட்டைப் பார்த்து இருபத்தைந்து வருடக் கடன் கொடுக்க வங்கிக்குத் தயக்கம். வாங்க முடியாதவர்கள் வாடகைக்குப் போனார்கள். அறுபது வயதில் வாழ்க்கையில் முதல்முறையாக வாடகை என்ற சொல்லைச் சந்தித்தவர்கள் உண்டு. லயத்தில் வாசலில் கீரை போடலாம், மாடு கட்டலாம், தீபாவளிக்கு முறுக்கு சுட அடுப்பை வெளியில் வைக்கலாம். நாலாவது மாடியில் லிப்ட் இல்லாத வீட்டில் ஒரு துளசிச் செடி வைக்கவே இடம் தேட வேண்டும்.

வாடகைச் சந்தையில் அவர்களுக்கு இன்னொன்றும் காத்திருந்தது. விளம்பரங்களில் 'சீனர் மட்டும்', 'இந்தியர் வேண்டாம்' போன்ற வரிகள். மலேசியாவில் இது பல ஆண்டுகளாக வெளிப்படையாக விவாதிக்கப்படும் பிரச்சினை. தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் 'வீடு போயிடுச்சு' என்று சொல்வதும் உண்டு. சமையல் வாசனை, சாம்பிராணிப் புகை, வீட்டில் ஆட்கள் அதிகம், வாடகை பாக்கி என்று காரணங்கள் சொல்லப்படும். நான்கு தலைமுறையாக அந்நாட்டுக் குடிமக்களாக இருப்பவர்களுக்கும் இதே பதில்தான். வாடகையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. குடியிருப்பு வாடகைக்கென ஒரு சட்டம் கொண்டுவரப்படும் என்ற வாக்குறுதியும் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது.

இன்று லயத்தில் யார்?

தமிழர்கள் வெளியேறிய லயங்கள் எல்லாம் காலியாகிவிடவில்லை. இந்தோனேசியா, வங்கதேசம், நேபாளம், இந்தியா என்று பல நாடுகளிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் இப்போது செம்பனைக் குலைகளை வெட்டுகிறார்கள். அவர்களுக்கும் வேலையோடு சேர்ந்துதான் வீடு. முன்பு கங்காணி, இப்போது முகவர். முன்பு செக்ரோல், இப்போது பெர்மிட்.

2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை சைம் டார்பி பிளான்டேஷன் நிறுவனத்தின் பாமாயில் இறக்குமதிக்குத் தடை விதித்தது. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் காரணம் காட்டியது. மோசமான வாழ்விடமும் அதில் ஒன்று. நிறுவனம் சீர்திருத்தங்கள் செய்த பிறகு 2023 பிப்ரவரியில் தடை விலக்கப்பட்டது. தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தி விரிவாக்கப்பட்டு, நெருக்கமான விடுதிகளில் நோய் பரவிய கொரோனா காலத்தில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு இத்தனை சதுர மீட்டர், கட்டில், மெத்தை, அலமாரி என்று விதிகள் வந்தன. தொழிலாளர் துறையின் சான்றிதழ் இல்லாமல் தங்க வைக்கக் கூடாது. 

நீங்கள் அங்கே வீடு பார்க்கப் போனால்

படிக்கவோ வேலைக்கோ இந்த வட்டாரத்துக்குப் போகும் நம்மூர் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலில் பணம். மலேசியாவில் பரவலான வழக்கம், இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் வைப்புத்தொகை, அதோடு முதல் மாத வாடகை. மாத வாடகை 1,200 வெள்ளி என்றால் சாவி கைக்கு வரும் முன் 4,200 வெள்ளி தயாராக இருக்க வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. மலேசியாவில் அப்படி ஒரு தனிச் சட்டத்தின் துணை இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் பாதுகாப்பு.

அடுத்தது முகவர். பதிவு பெற்ற முகவர்களுக்கு வாரியம் வழங்கிய அடையாள அட்டையும் எண்ணும் இருக்கும். அதைக் கேட்டுச் சரிபாருங்கள். படத்தை மட்டும் பார்த்து, ஊரிலிருந்தபடியே 'புக்கிங்' பணம் அனுப்பாதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் அடுத்தவர் வீட்டுப் படத்தை வைத்தே வியாபாரம் நடத்துகிறார்கள்.

வீட்டுக்காரர் உங்கள் பாஸ்போர்ட், விசா நகல், வேலைக் கடிதம் அல்லது கல்லூரிக் கடிதம் கேட்பார். அதில் தவறில்லை. சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவருக்கு இடம் கொடுத்தால் அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டப்படி அவருக்கும் அபராதமும் சிறையும் உண்டு. நகல் கொடுக்கலாம். அசல் பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். வீட்டுக்காரரோ முதலாளியோ அதைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டத்துக்கே விரோதம்.

ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் எடுபடாது. மூன்று ஆண்டு வரையிலான குடிவாடகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் அது குத்தகையாகிவிடும், பதிவு அவசியம்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டிய வரி ஒன்று உண்டு. அங்கே அதை 'டிப்ளமாட்டிக் கிளாஸ்' என்பார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. உங்களுக்கு வேலை போனாலோ, வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, விசா புதுப்பிக்கப்படாவிட்டாலோ, முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வைப்புத்தொகையை இழக்காமல் வீட்டைக் காலி செய்யலாம். இது இல்லாவிட்டால், நாட்டை விட்டே போன பிறகும் மிச்ச மாதங்களின் வாடகைக்கு நீங்கள் பொறுப்பு.

குடிபோகும் நாளில் வீட்டை அறை அறையாகப் படமெடுங்கள். சுவர்க் கறை, உடைந்த ஓடு, ஓடாத மின்விசிறி என எல்லாவற்றையும் பொருள் பட்டியலில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வைப்புத்தொகைச் சண்டைகளில் பெரும்பாலானவை 'இது முன்னாடியே இருந்துச்சு' என்ற வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன. தொகை 5,000 வெள்ளிக்குள் இருந்தால் வழக்கறிஞர் இல்லாமலே சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தை நாடலாம்.

கடைசியாக, வாடகை பாக்கி என்றாலும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றாலும், நீதிமன்ற ஆணை இல்லாமல் பூட்டை மாற்றி உங்களை வெளியே தள்ள வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே அதற்குத் தடை போடுகிறது. அதே சமயம், பாக்கிக்காக நீதிமன்றம் மூலம் உங்கள் பொருட்களை ஜப்தி செய்ய அவருக்கும் வழி இருக்கிறது. ஆகவே சட்டம் இருக்கிறது என்று வாடகையை நிறுத்திவிடாதீர்கள்.

கம்பெனி வீடு தருகிறார்களா?

இன்னொரு வாய்ப்பும் வரலாம். 'வீடு நாங்களே தர்றோம், வாடகை கட்ட வேண்டாம்' என்று வேலை கொடுப்பவரே சொல்வார். புது ஊர், தெரியாத பாஷை, கையில் வைப்புத்தொகைக்குப் பணமில்லை. உடனே தலையாட்டத் தோன்றும். தலையாட்டலாம், தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். வேலை முடியும் நாளில் இந்த வீட்டில் இன்னும் எத்தனை நாள் இருக்கலாம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாதம் என்று இருந்தாலும் போதும். அந்த ஒரு மாதத்தில் வேறு வேலை தேடலாம், வேறு வீடு பார்க்கலாம், குறைந்தபட்சம் நிதானமாக டிக்கெட் எடுக்கலாம். அது இல்லாதவர் அன்று மாலையே பெட்டியோடு தெருவில் நிற்பார். அப்படி நிற்கக் கூடாதே என்ற பயத்தில் சம்பளப் பிடித்தத்தையும் கூடுதல் வேலை நேரத்தையும் வாய் திறக்காமல் சகித்துக்கொள்வார்.

லாபுவிலும் லிங்கியிலும் பகாவிலும் மரம் வெட்டிய நம் முன்னோர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலை இருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள், கங்காணியின் சொல்லை நம்பி வந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சிரம்பானில் ஆசிரியர்களாக, வழக்கறிஞர்களாக, மருத்துவர்களாக இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய வீட்டில் சொந்த வீடு வாங்கிய வருடத்தைக் கல்யாண வருடம் போல நினைவு வைத்திருக்கிறார்கள். வங்கிக் கடன் இன்னும் பதினைந்து வருடம் இருந்தாலும் பரவாயில்லை என்பார்கள். யாரும் செக்ரோலில் பெயரை அடித்து இந்த வீட்டிலிருந்து எழுப்ப முடியாது என்பதே அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

வெளிநாட்டில் வாடகை வீடு தேடும் இளைஞர்களுக்குச் சதுர அடியும் ரயில் நிலையத் தூரமும் முக்கியம்தான். அவற்றோடு, வேலை, விசா, வீடு ஆகிய மூன்று தாள்களையும் எடுத்து மேசையில் விரித்துப் பாருங்கள். மூன்றும் ஒரே ஆளின் கையில் இருக்கிறதா, ஒன்று கிழிந்தால் மற்ற இரண்டும் கிழியுமா என்று பாருங்கள். ஒன்றையாவது உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எளிதாக முடிவது வீடுதான்.